தீர்மானத்துக்குப் பதில் எங்கே?

2024 நவம்பர் 23ஆம் தேதி தமிழகமெங்கும் கிராம சபைக் கூட்டம் நடந்தது. நவம்பர் 1இல் நடந்திருக்க வேண்டிய கூட்டம், தீபாவளியை ஒட்டித் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் போன செய்தி வெளியாகியிருந்தது. பரப்பு ஏறத்தாழ 2,015 ஹெக்டேர். தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அந்த எல்லைக்குள் வந்தது. சுரங்கம் வேண்டாம் என்று அன்றைக்கு மேலூர் வட்டாரத்தில் ஊர் ஊராகத் தீர்மானம் நிறைவேறியது. டிசம்பர் 9இல் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜனவரி 7இல் பெருந்திரளான மக்கள் மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்குப் பேரணியாகப் போனார்கள். ஜனவரி 23இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரத்தில் நடந்தது வேறு. பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் வரும் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அந்த மாதம் 15ஆம் தேதி தொடங்கி, ஏகனாபுரம் கிராம சபை கூட்டத்துக்குக் கூட்டம் அந்தத் திட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டுவந்தது. நில எடுப்புப் பணி நிற்கவில்லை.

இரண்டு ஊர்த் தீர்மானங்களும் ஒரே சட்டத்தின்கீழ் நிறைவேறியவை. ஒன்று பலித்ததற்கும் மற்றது பலிக்காததற்கும் காரணம் தீர்மானத்துக்கு வெளியே இருக்கிறது. மேலூருக்காக ஆளும் கட்சியும் எதிர்க்கட்சிகளும் ஒரே பக்கம் நின்றன. ஏகனாபுரத்தில் திட்டத்தைக் கொண்டுவந்ததே மாநில அரசு. அப்படியானால் கிராம சபைத் தீர்மானத்துக்குத் தன்னளவில் என்ன எடை? ஊர் கூடிச் சொன்னதற்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? உள்ளாட்சியில் மக்கள் பங்கேற்பின் முடிச்சு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கூட்டம் கூட்டுவதில் தமிழகம் நிறையவே முன்னேறியிருக்கிறது. பதில் சொல்லும் கடமையை இன்னும் யாரும் ஏற்கவில்லை.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். 73ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சி எல்லைக்குட்பட்ட வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் சேர்ந்ததே கிராம சபை என்று அது வரையறுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மேலாக, தேர்ந்தெடுத்தவர்களையே ஓர் அமைப்பாக அரசமைப்புச் சட்டம் அங்கீகரித்த இடம் இது ஒன்றுதான். ஆனால் அந்த அமைப்புக்கு என்ன அதிகாரம் என்பதை 243ஏ பிரிவு மாநிலச் சட்டமன்றங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்குக் கொடுத்த பணிகள் மேலோட்டமாகப் பார்த்தால் பெரியவைதான்: ஊராட்சித் திட்டத்துக்கு ஒப்புதல், வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல், தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல், திட்டப் பணிகளின் முன்னேற்றத்தைப் பரிசீலித்தல். இவை அனைத்தும் ஊராட்சியின் சொந்த எல்லைக்குள் அடங்கியவை. ஊரின் தலைவிதியை மாற்றக்கூடிய சுரங்கமும் விமான நிலையமும் தொழிற்பேட்டையும் இந்தப் பட்டியலில் இல்லை.

நிலத்தைப் பொறுத்தமட்டில் ஒரு கதவு திறந்திருந்தது. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க ஆய்வு நடத்த வேண்டும், அதில் உள்ளாட்சி அமைப்பையும் கிராம சபையையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்றது. தமிழக அரசு தன்னுடைய மூன்று நில எடுப்புச் சட்டங்களுக்கு அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. அவற்றில் ஒன்று தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம். அந்த விலக்கை 2019இல் புதிய சட்டத்தின் மூலம் புதுப்பித்தார்கள். 2021இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. மக்களைக் கேட்காமல் நிலம் எடுக்கும் வழி இப்படிச் சட்டப்படியே அமைந்துவிட்டது. எந்தக் கட்சி ஆண்டாலும் இதில் வேறுபாடு இருக்கவில்லை.

சட்டம் கதவைத் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசாவின் நியமகிரி சாட்சி. அந்த மலையில் பாக்சைட் வெட்டலாமா என்பதை அங்குள்ள கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்று 2013 ஏப்ரல் 18இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத் தந்திருந்த இடமே அதற்கு அடிப்படை. அந்த ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. மறு ஆண்டு ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை மறுத்தது. அந்த மலையில் வாழும் டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களின் குரல் மேலூர் மக்களின் குரலைவிடப் பெரியதல்ல. அந்தக் குரலைப் பிடித்துக்கொள்ள ஒரு சட்டக் கொக்கி இருந்தது.

இனி கூட்டத்துக்குள் போகலாம். தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்தது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022இல் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறாயின. நல்ல மாற்றம். குறைவெண் வரம்பும் இருக்கிறது: 500 பேர்வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும்.

நான் போயிருந்த ஒரு கூட்டம். ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஜமக்காளத்தில் முன்வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களில் பாதிப் பேர் வேப்பமரத்தடியில் நின்றார்கள். வருகைப் பதிவேடு கைமாறிக்கொண்டே இருந்தது. ஊராட்சிச் செயலர் மைக்கைப் பிடித்துப் பொருள்களை வாசித்தார்: டெங்குத் தடுப்பு, நெகிழிப் பயன்பாடு, மழைநீர் சேகரிப்பு. எல்லாம் சென்னையிலிருந்து சுற்றறிக்கையாக வந்த பட்டியல். மாநிலத்தின் எல்லா ஊராட்சிகளிலும் அன்று அதையேதான் வாசித்தார்கள். பாதியில் ஒரு அம்மா எழுந்தார். “மேட்டுத் தெருவுக்குத் தண்ணியே ஏறலைங்க. போன கூட்டத்துலயும் சொன்னேனே, என்னாச்சு தலைவரே?” தலைவர் பொறுமையாகத்தான் சொன்னார்: “பி.டி.ஓ. ஆபீசுக்கு எழுதியிருக்கோம்மா.” அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்தபின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கக் கேட்டேன், கொடுத்தார்கள். பக்கத்துக்கு இரண்டு பத்தி. இடப்புறம் ‘பொருள்’, வலப்புறம் ‘தீர்மானம்’. மேட்டுத் தெரு தண்ணீர் முந்தைய கூட்டத்திலும் பதிவாகியிருந்தது. ‘உரிய நடவடிக்கை எடுக்க ஒன்றிய அலுவலகத்துக்குப் பரிந்துரைக்கத் தீர்மானிக்கப்பட்டது’ என்று நேர்த்தியான கையெழுத்தில் இருந்தது. அதற்கு என்ன ஆனது என்று எழுத அந்தப் பக்கத்தில் இடமே இல்லை. தலைவர் பொய் சொல்லவில்லை, செயலர் தன் வேலையைச் செய்திருக்கிறார். மேலே போன தாளுக்கு யாரும் பதில் எழுத வேண்டியதில்லை என்பதுதான் சிக்கல். பதில் வேண்டுமென்றால் அந்த அம்மா தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட வேண்டும். தான் உறுப்பினராக இருக்கும் சபையின் தீர்மானம் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள, வெளியாள் போல விண்ணப்பிக்க வேண்டிய நிலை.

பணமும் இதே கதைதான். 2015 முதல் ஒவ்வொரு ஊராட்சியும் கிராம சபையில் விவாதித்து வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும். ஆனால் விவாதம் தொடங்குமுன்பே பெரும்பகுதிப் பணத்துக்குக் கணக்கு எழுதியாகிவிட்டது. 15ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போடப்பட்டது. மிச்சம் 40 விழுக்காடு. மாநில நிதிக்குழு மானியத்தில் பெரும்பகுதியைத் தெருவிளக்கும் மோட்டார் மின்கட்டணமும் சம்பளமும் தின்றுவிடும். குடிநீருக்கு முன்னுரிமை கொடுப்பதில் தவறில்லை. ஆனால் ஏற்கெனவே குடிநீர் வசதி நிறைந்த ஊரும் அதே விகிதத்தில்தான் செலவழிக்க வேண்டியிருந்தது. ஊர் கூடித் தீர்மானிக்க மிஞ்சியது சிமென்ட் சாலை எந்தத் தெருவுக்கு முதலில் என்பது மட்டுமே. மக்கள் ஏன் வருவதில்லை என்று அலுத்துக்கொள்ளும் அதிகாரிகள் இதை யோசிக்க வேண்டும்.

கேரளம் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது வரிசையை மாற்றியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை முதலில் உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. பிறகு திட்டம் போடச் சொன்னது. அங்கே கிராம சபை வார்டுதோறும் கூடுகிறது. தமிழகத்தில் ஒரு ஊராட்சிக்கு ஒன்றுதான். பத்துக் குக்கிராமங்கள் சேர்ந்த ஊராட்சியில் கடைக்கோடிக் குடியிருப்பிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் வந்து பேசுவதற்கும், தன் தெருவிலேயே பேசுவதற்கும் உள்ள தூரம் சாதாரணமானதல்ல. கேரளத்திலும் காலப்போக்கில் உற்சாகம் வற்றியது, பயனாளிப் பட்டியலுக்கான கூட்டமாகப் பல இடங்களில் சுருங்கியது என்ற விமர்சனம் உண்டு. இருந்தாலும் கையில் பணம் இருப்பதால் அந்தச் சபைக்குப் பேசப் பொருள் இருக்கிறது.

தமிழகக் கிராம சபையைப் பற்றி நல்ல ஆய்வுகள் வந்துள்ளன. நம் பொது விவாதத்துக்கு அவை வந்து சேரவில்லை என்பது வருத்தம். தென் மாநில ஊர்களில் டிமத்தி பெஸ்லி, ரோகிணி பாண்டே, விஜயேந்திர ராவ் மூவரும் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. கிராம சபை நடக்கும் ஊர்களில், நிலமற்ற, எழுதப் படிக்கத் தெரியாத குடும்பங்களுக்கு வறுமைக்கோட்டு அட்டை சேர்வது மேம்பட்டிருந்ததாக அது கண்டது. கூட்டம் வெறும் சடங்கு என்று ஒதுக்குபவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ராவும் பரோமிதா சன்யாலும் ஏறத்தாழ 300 கூட்டங்களின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார்கள். ராம்யா பார்த்தசாரதி, நேத்ரா பழனிசாமி, ராவ் மூவரும் தமிழகக் கூட்டங்களின் பேச்சை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்தார்கள். பெண்கள் பேசுவது குறைவு. பேசினாலும் விவாதம் அவர்கள் எடுத்த பொருளில் நிற்பது குறைவு. அதிகாரிகளிடமிருந்து பதில் கிடைப்பது இன்னும் குறைவு. ஊராட்சித் தலைவர் பெண்ணாக இருக்கும் இடத்தில் பெண்களுக்குப் பதில் கிடைப்பது கூடியிருந்தது என்பது அதே ஆய்வின் நம்பிக்கையூட்டும் பக்கம். மேட்டுத் தெரு அம்மாவுக்கு நடந்தது தனிப்பட்ட ஒருவரின் அனுபவம் இல்லை என்று அதைப் படித்தபோது உறுதிப்பட்டது.

சாதியைப் பேசாமல் ஊர்க் கூட்டத்தைப் பேச முடியாது. டங்ஸ்டனை எதிர்த்து ஒன்றுசேர்ந்த அதே மேலூர் வட்டத்தில்தான் மேலவளவு இருக்கிறது. தனித் தொகுதியான அந்த ஊராட்சியில் தலைவரான முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996 முதல் பத்தாண்டுகள் தலித் தலைவர் வருவதற்கே விடவில்லை. 2006இல்தான் முறையான தேர்தல் நடந்தது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்த படம் வெளியானது 2020இல். தலைவருக்கே நாற்காலி இல்லாத இடத்தில் காலனித் தெருவிலிருந்து வரும் ஒருவர் எழுந்து நின்று வரவு செலவு கேட்பார் என்று எதிர்பார்ப்பது எப்படி? ஊரின் ஒருமித்த குரல் என்று எழுதும்போது, யாருடைய குரல் அந்த ஒருமிப்பில் கரைந்தது என்று கேட்டாக வேண்டும். பதில் சொல்லும் கடமையை எழுத்தில் வைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவும் காரணம். வாய்மொழிப் பதில் செல்வாக்குள்ளவர்களுக்கு எப்போதும் கிடைத்துவிடும். எழுத்து மூலமான பதில்தான் மற்றவர்களுக்கு உதவும்.

சரி, முறையான கலந்தாலோசனை எப்படி இருக்க வேண்டும் என்று சட்டம் எங்காவது தெளிவாகச் சொல்லியிருக்கிறதா? இங்கிலாந்தில் சொல்லியிருக்கிறது. 1985இல் லண்டன் பிரென்ட் நகரசபை மீதான வழக்கில் நான்கு விதிகள் முன்வைக்கப்பட்டன. திட்டம் முடிவாகுமுன், அது உருவாகும் கட்டத்திலேயே கேட்க வேண்டும். மக்கள் யோசித்துப் பதில் சொல்லப் போதிய காரணங்களைத் தர வேண்டும். போதிய அவகாசம் தர வேண்டும். வந்த கருத்துகளை மனசாட்சியோடு பரிசீலித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். இவற்றை பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2014 அக்டோபரில் ஒரு வழக்கில் ஏற்று உறுதிசெய்தது. அந்த வழக்கு சாமானிய மக்களின் வீட்டு வரி பற்றியது.

வறியவர்களுக்கான உள்ளாட்சி வரிச் சலுகைக்கு மத்திய அரசு கொடுத்துவந்த பணம் 2013 ஏப்ரல் முதல் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்தது. வடக்கு லண்டனின் ஹேரிங்கே நகரசபை அந்தப் பற்றாக்குறையைச் சலுகை பெறுவோர் தலையிலேயே வைக்கத் திட்டமிட்டு, அவர்களிடம் கருத்துக் கேட்டது. கடிதம் போனது, படிவம் போனது, அவகாசமும் கொடுத்தார்கள். ஆனால் மாற்று வழிகள் உண்டு என்பதை மட்டும் சொல்லவில்லை. எல்லோருக்கும் வரியைச் சற்று உயர்த்தலாம், வேறு செலவைக் குறைக்கலாம், சேமிப்பிலிருந்து எடுக்கலாம். இந்த மூன்றையும் நகரசபை யோசித்து ஒதுக்கியிருந்தது, மக்களிடம் சொல்லவில்லை. வேறு வழியில்லை என்ற எண்ணத்தை உண்டாக்கிவிட்டுக் கருத்துக் கேட்டது முறையற்றது, சட்டவிரோதம் என்றது நீதிமன்றம். காலம் கடந்துவிட்டதால் மறுபடி கேட்கும்படி உத்தரவிடவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் தீர்ப்பின் சாரம் நமக்கு மிக அவசியமானது: எதைச் செய்யப்போகிறோம் என்று சொல்வதோடு, எதையெல்லாம் யோசித்து ஏன் விட்டோம் என்றும் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

இந்த அளவுகோலை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். பெரிய ஆலைகளுக்கு 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கிறது. முப்பது நாள் முன்னறிவிப்பு உண்டு, ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்குகிறார், பேசுவது பதிவாகிறது. ஆனால் இடமும் தேர்வாகி, முதலீடும் அறிவிக்கப்பட்டு, வரைவு அறிக்கையும் தயாரான பிறகுதான் மக்களிடம் வருகிறார்கள். உருவாகும் கட்டம் என்பது எப்போதோ முடிந்துபோயிருக்கும்.

நகரங்களின் நிலை இன்னும் பின்தங்கியது. 74ஆவது திருத்தம் கிராம சபைக்கு இணையாக நகரத்துக்கு எதையும் தரவில்லை. டங்ஸ்டன் போராட்டத்தின் மையங்களில் ஒன்றான அ.வல்லாளப்பட்டி ஒரு பேரூராட்சி; சட்டப்படி அங்கே கிராம சபை கிடையாது. பக்கத்து ஊராட்சிக்காரர்கள் கூடித் தீர்மானம் போட்ட நாளில் அந்த ஊர் மக்களுக்குப் போட இடமில்லை. மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் வார்டு குழுவும் பகுதி சபையும் வேண்டும் என்று 2010இல் சட்டத்தைத் திருத்தினார்கள். விதிகள் வர 2022 ஆயிற்று. அந்த ஆண்டு நவம்பர் 1இல் முதல் கூட்டங்கள் நடந்தன. பகுதி சபைக்கான பிரதிநிதிகளை அந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. பல வார்டுகளில் அது கவுன்சிலருக்கு வேண்டியவர்களின் குழுவாகிவிடும் ஆபத்து தொடக்கத்திலேயே இருந்தது.

ஊராட்சியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் எப்போதும் இருப்பார் என்று சொல்ல முடியாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர்வரை தேர்தலே நடக்கவில்லை. 2025 ஜனவரி 5உடன் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். பி.டி.ஓ. எனப்படும் வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். “பி.டி.ஓ. ஆபீசுக்கு எழுதியிருக்கோம்” என்று சொன்ன தலைவர்கூட அப்போது இல்லாமல் போனார், எழுத வேண்டியவரும் படிக்க வேண்டியவரும் ஒருவரே என்றானது. இடையில் 2020 அக்டோபர் 2 கூட்டம் கொரோனாவைக் காரணம் காட்டிக் கடைசி நேரத்தில் ரத்தானது. டாஸ்மாக் கடைகள் அப்போது திறந்திருந்தன.

செய்யக்கூடியது இருக்கிறது, அதற்கு அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. கிராம சபைக் கூட்ட விதிகளில் சில வரிகள் சேர்த்தால் போதும். ஒவ்வொரு கூட்டத்தின் முதல் பொருளும் முந்தைய கூட்டத் தீர்மானங்களுக்கு வந்த பதில் என்று இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் மூன்றாவது பத்தி ஒன்று வரட்டும்: யாருக்கு அனுப்பியது, என்ன பதில் வந்தது, எந்தத் தேதியில், மறுத்திருந்தால் என்ன காரணம். வேறு துறைக்குப் போன தீர்மானத்துக்கு 60 நாளுக்குள் பதில் எழுதுவது அந்தத் துறை அலுவலரின் கடமை என்று ஆகட்டும். பதில் வராதவற்றின் பட்டியலை மாவட்ட ஆட்சியர், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில், வெளியிடட்டும். நூறு நாள் வேலையில் சமூகத் தணிக்கை என்பதை 2005ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தபோது இப்படியொரு கடமை புதிதாகத்தான் பிறந்தது. தணிக்கையில் எழுந்த ஆட்சேபத்துக்கு அலுவலர்கள் கிராம சபையில் நின்று விளக்கம் சொல்லப் பழகினார்கள்.

கிராம சபை சொன்னதையெல்லாம் அரசு அப்படியே ஏற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஓர் ஊர் வேண்டாம் என்பதை மாநிலத்தின் தேவை கருதி மீற வேண்டிய சந்தர்ப்பம் வரலாம். மீறும்போது காரணத்தை எழுதி, அந்த ஊரின் பெயரிட்டு, அடுத்த கூட்டத்தில் வாசிக்கக் கொடுக்க வேண்டும். ஏகனாபுரத்துக்கு அப்படியொரு தாள் வந்திருந்தால் அதை எதிர்த்து வாதாட அந்த மக்களுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். மேட்டுத் தெருவுக்கு வந்திருந்தால், மோட்டார் போதவில்லையா, குழாய் உடைந்ததா, பணம் இல்லையா என்பதாவது தெரிந்திருக்கும்.